பேர் வைக்காத கலர்

அவளுடைய படங்களையெல்லாம் சேர்த்துப் போட்ட புத்தகம் ஒன்று என் மடியில் கிடக்கிறது. செங்கல் கனம். முதல் பக்கத்தில் எந்தெந்தக் கூடங்களில் மாட்டினார்கள், யார் யார் வாங்கினார்கள் என்றெல்லாம் எழுதிவிட்டு, கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள்: 'இவரது ஆரம்பகாலப் படைப்புகள் எவையும் இன்று கிடைப்பதற்கில்லை.' கிடைக்காதுதான். ஆனால் அவளுடைய முதல் படம் எங்கே இருந்தது, யார் யார் கைபட்டு உண்டானது என்று எங்கள் தெருவில் வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நீங்கள் கேட்கிறீர்கள், சொல்கிறேன். நடுவில் சில இடங்கள் தாங்க முடியாதபடி இருக்கும். வேண்டுமென்றால் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள், நான் இங்கேயேதான் இருப்பேன்.

அப்போது நான் டீக்கடை வைத்திருந்தேன். கடைக்கு நேர் எதிரே மேஸ்திரியின் பட்டறை. மூன்று பக்கம் செங்கல் சுவர், மேலே தகரம், முன்பக்கம் முழுக்கத் திறப்பு. நசுங்கிய வண்டிகளைத் தட்டி நிமிர்த்திப் பெயிண்ட் அடிக்கும் இடம். காலை எட்டு மணிக்குத் தொடங்கும் சுத்தியல் சத்தம் சாயங்காலம் வரை ஓயாது. புதிதாக வருகிறவர்கள் டீயைக் குடித்துவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டு ஓடுவார்கள். எங்களுக்குச் சத்தம் நின்றால்தான் பயம். நின்றால் மேஸ்திரி யாரையோ அடிக்கப் போகிறார் என்று அர்த்தம்.

தொழிலில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது, அதையும் சொல்லிவிட வேண்டும். காகிதம் மாதிரிக் கசங்கி வந்த தகரத்தை, பின்னால் இரும்புக் கட்டையை முட்டுக் கொடுத்து முன்னால் தட்டித் தட்டி, கோழிமுட்டை போல ஆக்கிவிடுவார். "என் சுத்தியல் நூல் பிசகாது. நான் எங்க அடிக்கணும்னு நினைக்கிறேனோ அங்கதான் விழும்" என்பார். வீட்டிலும் அப்படித்தான். அவர் மனைவிக்கு இடது காது கேட்காது. சோற்றில் கல் கிடந்த ஒரு மத்தியானம் போன காது அது.

மகளுக்கு இருபத்திரண்டு வயது. தட்டி நிமிர்த்திய இடத்தில் பள்ளம் தெரியாமல் பட்டிப் பசை போட்டு, அது காய்ந்ததும் உப்புத்தாளைத் தண்ணீரில் தோய்த்துத் தேய்க்கிற வேலை அவளுடையது. தேய்த்துத் தேய்த்து விரல் நுனி வழுக்கையாகிவிட்டது. ஒருமுறை ஏதோ அட்டைக்குக் கைரேகை வைக்கப் போனபோது, மிஷினில் ஒரு கோடுகூட விழவில்லை. "நீ பொறந்ததுக்கே ஆதாரம் இல்லம்மா" என்றாராம் அந்த ஆபீஸர். கலர் கலப்பதும் அவள்தான். பழைய வண்டியின் வெளுத்துப்போன கலருக்கு, கண்ணால் பார்த்தே புதுக் கலரைச் சேர்த்துவிடுவாள். தெருவில் எல்லோரும் அவளைப் பெயிண்டர் என்றே கூப்பிட்டோம். பத்திரிகைக்காரர்கள் இப்போது எழுதுகிறார்கள், நாங்கள் அப்போதே சொன்னோம்.

ஸ்ப்ரே கன் பிடிப்பது மேஸ்திரியின் தம்பி. அவளுக்குச் சித்தப்பா. கல்யாணம் ஆகாதவர், வாய் மட்டும் காது வரை. அண்ணன் அடிக்கும்போது கம்ப்ரஸரைப் போட்டுவிட்டு அந்த இரைச்சலுக்குள் ஒளிந்துகொள்வார். "என்னங்க, அங்க ஒரு பொம்பள அடி வாங்குது, நீங்க காத்தடிச்சிட்டு இருக்கீங்க" என்று நான் கேட்டால், "நான் பலூன் ஜாதி அக்கா. காத்து இருக்கிற வரைக்கும்தான் வீரம்" என்பார்.

அந்தப் பட்டறையில் ஒரு டின் உண்டு. கழிசடை டின் என்று பேர். ஒரு வண்டிக்கு அடித்து மிஞ்சும் பெயிண்டை வீசமாட்டார்கள், அதில் ஊற்றிவிடுவார்கள். இன்றைக்குப் பேருந்துச் சாம்பல், நாளைக்கு டிராக்டர் சிவப்பு, மறுநாள் பள்ளிக்கூட கேட் நீலம். வண்டிகளின் அடிவயிற்றில், யாரும் குனிந்து பார்க்காத இடத்தில் பூச அது உதவும். ஒவ்வொரு நாளும் அதன் கலர் வேறு. நேற்றைய கலர் இன்றைக்கு இருக்காது.

இனி நர்ஸம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் கடைக்கு அடுத்த கடை டைலருடையது, அவர் மனைவி. பெரிய ஆஸ்பத்திரியில் வேலை. சிரித்தால் தெருமுனையில் கேட்கும். மரவாடியில் கட்டை இறங்கிக் கை கிழிந்த சுமைதூக்கிகள், என் கடையில் சுடுதண்ணீர் கொட்டிக்கொண்டவர்கள், எல்லோருக்கும் அவள்தான் கட்டுப்போடுவாள். ஒருநாள் மேஸ்திரி மனைவிக்குப் புருவம் பிளந்துவிட்டது. என் கடை பெஞ்சில் படுக்கவைத்து மூன்று தையல் போட்டாள். போட்டு முடித்துக் கையைக்கூடக் கழுவாமல் நேரே பட்டறைக்குள் போனாள்.

"மேஸ்திரி, இது எத்தனாவது தையல் தெரியுமா?"

"எனக்கென்ன தெரியும்."

"பதினொண்ணு. நான் எண்ணிட்டுத்தான் வரேன். அடுத்த தையல் அண்ணிக்குப் போடமாட்டேன். உங்க ரெண்டு கையையும் சேர்த்து வெச்சுத் தைப்பேன். எங்க வீட்டுக்காரர்கிட்ட கோணி தைக்கிற ஊசி இருக்கு."

சித்தப்பா கம்ப்ரஸரைப் போட மறந்து நின்றார். அதற்குப் பிறகு எட்டு மாதம் அந்த வீட்டில் ரத்தம் வரவில்லை. அடி இருந்திருக்கும். ரத்தம் வரவில்லை.

அதற்கு நன்றியாகத்தான் பெயிண்டர் நர்ஸம்மாவின் துருப்பிடித்த சைக்கிளை வாங்கித் தேய்த்து, அன்றைக்குக் கழிசடை டின்னில் இருந்ததோடு இன்னும் ரெண்டு மூன்று கலர் சேர்த்து அடித்துக் கொடுத்தாள். என் கடை வாசலில்தான் சைக்கிளை ஒப்படைத்தாள்.

"என்னடி கலர் இது? பச்சையா, சாம்பலா?"

"ரெண்டும் இல்லக்கா."

"வயித்துவலிக்காரன் மூஞ்சி மாதிரி இருக்கு." நர்ஸம்மா சிரித்தாள். பிறகு சைக்கிளை வெயிலில் திருப்பி நிறுத்திப் பார்த்தாள். "இல்லடி. பாக்கப் பாக்கப் பிடிக்குது. இதுக்கு என்ன பேரு?"

"பேரு வைக்கல. இன்னைக்கு மட்டும் வந்த கலர். திரும்பக் கேட்டா எனக்கே கஷ்டம்."

"நல்லதாப் போச்சு. எவனும் திருடமாட்டான். திருடினா ஊருக்கே தெரியும்."

வெயில் உச்சத்தில் இருந்த ஒரு மாதம். காலை ஏழே முக்காலுக்கு மரவாடி முதலாளியின் கார் பட்டறைக்குள் வந்தது. ஓட்டி வந்தது முதலாளியே. டிரைவர் இல்லை. இடது பக்க விளக்கு உடைந்து, மட்கார்டு உள்ளே போயிருந்தது. அந்தப் பட்டறை இருந்த இடம் அவருடையது. தகரமும் அவருடையதே. மேஸ்திரி எழுந்து நின்றார்.

"மாடு குறுக்க வந்திருச்சு மேஸ்திரி."

"ஆமாங்க. இந்த ரோட்டுல மாடு ஜாஸ்தி."

"சாயங்காலத்துக்குள்ள எடுத்துக்கணும். பழைய மாதிரி."

"பழசுக்கு மேலயே பண்ணிடறேன்."

அவர் நடந்தே போனார். மேஸ்திரி தார்ப்பாயை இழுத்துக் காரை மூடிவிட்டு, மட்கார்டை மட்டும் கழற்றி மகளிடம் கொடுத்தார். விளக்கு வளையத்தைக் கழுவச் சொன்னார். வளையத்துக்குள் ரத்தம் உறைந்திருந்தது. அதோடு சேர்ந்து நீளமான தலைமுடி நாலைந்து, விளக்குத் திருகில் சுற்றியிருந்தது. மாட்டுக்கு அவ்வளவு நீள முடி ஏது?

அவள் மட்கார்டைத் திருப்பினாள். கறுப்புப் பெயிண்டின் மேல் நாலு விரல் நீளத்துக்கு ஒரு இழுப்பு. பச்சையும் இல்லை, சாம்பலும் இல்லை.

நான் எதிரே பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். அவள் மட்கார்டை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரிந்தது. வேலை செய்யாமல் அவளை நான் பார்த்ததே அன்றைக்குத்தான்.

பத்து மணிக்கு டைலர் வந்தார். சட்டை முழுக்க ரத்தம், அவருடையது இல்லை. ராத்திரி வேலை முடிந்து விடிகாலையில் சைக்கிளில் வந்த நர்ஸம்மாவை யாரோ அடித்துப்போட்டுவிட்டு நிற்காமல் போய்விட்டார்கள். பால்காரர் பார்த்துத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். அவள் வேலை செய்த ஆஸ்பத்திரியிலேயே நினைவில்லாமல் கிடக்கிறாள்.

"மண்டைல அடி. இடுப்பு போச்சாம். எந்த வண்டின்னு யாருக்கும் தெரியல" என்றார். நான் கொடுத்த டீயைக் கையில் வைத்துக்கொண்டே தெருவைக் கடந்து பட்டறைக்குள் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

"மேஸ்திரி, காலைல நசுங்குன வண்டி ஏதாவது வந்துச்சா?"

"இங்க வர்றது பூரா நசுங்குனதுதான் டைலரே. நசுங்காதவன் எதுக்கு வரான்?"

"இல்ல, இன்னைக்குக் காலைல."

"வரல."

தார்ப்பாய்க்குள் கார் நின்றுகொண்டிருந்தது. சித்தப்பா தரையைப் பார்த்தார். பெயிண்டர் பின்பக்கம் தண்ணீர்த் தொட்டியருகே இருந்தாள், டைலர் கண்ணில் படவில்லை. அவர் போன பிறகு சித்தப்பா என்னிடம் மெல்ல, "முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கலாம்க்கா. ஆனா தின்றவன் கையில தட்டுப்படுமே" என்றார். சிரிக்கவில்லை.

பன்னிரண்டரைக்குச் சாப்பாடு. பட்டறைக்குப் பின்னால் இரண்டு அறை வீடு. ஜன்னல் எப்போதும் திறந்திருக்கும், அன்றைக்குப் பேசியது பாதித் தெருவுக்குக் கேட்டது.

"தேய்ச்சிட்டியா?"

"இல்ல."

"பட்டி காய நேரம் வேணாமா? மூணு மணிக்கு உன் சித்தப்பன் கன் பிடிக்கணும்."

"அப்பா, அது நர்ஸக்கா சைக்கிள் கலரு."

தட்டு நகர்ந்த சத்தம்.

"கலரு கலருதான். இவளோடது அவளோடதுன்னு கிடையாது."

"இது அப்படி இல்ல. நான் கலக்குனது. உலகத்துல அந்தச் சைக்கிள்ல மட்டும்தான் இருக்கு. இப்ப இதுல இருக்கு."

"தேய்ச்சா எதுலயும் இருக்காது. போய்த் தேய்."

"மாட்டேன்."

"கூரை யாருதுன்னு தெரியுமாடி? நாளைக்கு எங்க நிப்போம்? உங்கம்மாவ எங்க படுக்க வைப்பே?"

அம்மா இடையில் பேசினாள். கேட்காத காதினால் அவள் எப்போதும் கொஞ்சம் உரக்கத்தான் பேசுவாள். "என்ன சொல்றா? எந்தச் சைக்கிள்?"

"நம்ம நர்ஸம்மாவை அடிச்ச கார் இதாம்மா."

பிறகு பட்டறைக்குள் மேஸ்திரி வந்தார். மட்கார்டைத் தூக்கி இரும்புப் பட்டடைமேல் வைத்தார். அதைத் தட்டிச் சிதைத்து, குப்பையில் போட்டுவிட்டு, பழைய சாமான் கடையிலிருந்து வேறொன்று வாங்கி மாட்டிவிடலாம் என்று நினைத்திருப்பார். சுத்தியலை ஓங்கினார். மகள் ஓடிவந்து அந்த இழுப்பின் மேல் வலது கையை விரித்து வைத்தாள்.

"கைய எடு."

அவள் எடுக்கவில்லை.

"எடுடி."

நான் சொன்னேனே, அவர் சுத்தியல் நூல் பிசகாது என்று. அன்றும் பிசகவில்லை. இரண்டு முறை விழுந்தது.

அவள் கத்தியது எனக்கு நினைவில்லை. அதற்குப் பின்னால் இருந்த அமைதிதான் நினைவிருக்கிறது. சித்தப்பா கம்ப்ரஸர் பக்கம் போனார், சுவிட்சில் கை வைத்தார், போடாமல் திரும்பி வந்தார். அண்ணனின் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தார். மேஸ்திரி ஒரே உதறலில் அவரைக் காரின் மேல் எறிந்தார். தார்ப்பாய் சரிந்தது. கறுப்புக் கார் தெருவுக்கே தெரிந்தது.

அதற்குள் அம்மா வந்தாள். கணவனைப் பார்க்கவில்லை, மகளைக்கூடப் பார்க்கவில்லை. பட்டடையிலிருந்து மட்கார்டை எடுத்துத் தலைமேல் வைத்துக்கொண்டு வெளியே நடந்தாள். மேஸ்திரி கூப்பிட்டார். கேட்காத காதுப் பக்கம் கூப்பிட்டிருப்பார் போல. வெயிலில் தகரம் அவள் நெற்றியைச் சுட்டிருக்கும். மட்கார்டின் ஓரத்திலிருந்து மகளின் ரத்தம் அவள் தோளில் சொட்டிக்கொண்டு வந்தது. தெருவைக் கடந்து, ஆஸ்பத்திரிச் செலவுக்குப் பணம் எடுக்க அப்போதுதான் திரும்பியிருந்த டைலரின் கடைத் துணி வெட்டும் மேஜைமேல், வெட்டி வைத்திருந்த யாரோ ஒருவரின் சட்டைத் துணிமேல், அதை இறக்கினாள்.

"தம்பி, இதுதான்" என்றாள்.

டைலர் துணிக்கு நூல் கலர் பார்த்தே பிழைத்தவர். ஒரு பார்வைதான். மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

நர்ஸம்மா மூன்றாம் நாள் இறந்தாள். அதே ஆஸ்பத்திரியில் இரண்டு அறை தள்ளி, பெயிண்டரின் கைக்குக் கட்டுப்போட்டார்கள். இரண்டு விரல்கள் பிறகு மடங்கவே இல்லை. போலீஸ் வந்தது, காரை எடுத்துப்போனது, மட்கார்டை எடுத்துப்போனது. மேஸ்திரி, 'தகரம் விழுந்து கை நசுங்கியது' என்று எழுதிக்கொடுத்துவிட்டு இரண்டே நாளில் திரும்பி வந்தார். முதலாளியின் வக்கீல்தான் இவருக்கும் வக்கீல். அம்மாவும் மகளும் என் கடைக்குப் பின்னாலிருந்த அறைக்கு வந்துவிட்டார்கள். ஒரு வாரம் கழித்துச் சித்தப்பாவும் வந்தார், ஸ்ப்ரே கன்னைத் துண்டில் சுற்றிக்கொண்டு.

"கன் என்னோடது. காத்துதான் அண்ணனோடது" என்றார்.

"பலூன் எதுக்கு இங்க வந்துச்சு?" என்றேன்.

"வெடிச்சிருச்சுக்கா. இனிமே என்ன பயம்."

வழக்கு ஐந்து மாதம் கழித்து வந்தது. நாங்கள் கடையை மூடிவிட்டு எல்லோரும் போனோம். முதலாளி வெள்ளைச் சட்டையில் வந்து முன் பெஞ்சில் உட்கார்ந்தார். கார் மோதியதைப் பார்த்த சாட்சி இல்லை. விளக்கு வளையத்திலிருந்த முடி எங்கே என்று கேட்டால், அப்படி ஒன்று வந்து சேரவே இல்லை என்றது போலீஸ். மிச்சம் இருந்தது மட்கார்டும் சைக்கிளும்தான். சைக்கிளைச் சோதித்து எழுதிக்கொண்டு டைலரிடமே திருப்பிக் கொடுத்திருந்தார்கள். அவர் அதில்தான் வந்திருந்தார், வெளியே நிறுத்தியிருந்தார்.

முதலாளியின் வக்கீல் நல்ல குரல்காரர். பெயிண்டரைப் பார்த்துப் பரிவாகவே கேட்டார்.

"ஏம்மா, கழிசடை டின்னுனு ஒண்ணு உங்க பட்டறைல இருக்காமே?"

"இருக்குங்க."

"எல்லா மிச்சத்தையும் அதுல ஊத்துவீங்க. எல்லா வண்டிக்கும் அடியில பூசுவீங்க. முதலாளி காரும் உங்க பட்டறைக்கு வர்ற காருதான். அப்ப உங்க டின்னு பெயிண்டு அதுல ஒட்டியிருந்தா என்ன அதிசயம்?"

"டின்னு தினம் மாறுங்க. இது ஒரு நாள் கலரு. அதுலயும் நான் மேல சேர்த்தேன்."

"என்ன சேர்த்தேனு இப்பவும் ஞாபகம் இருக்கா?"

"இருக்குங்க."

"அப்ப கலக்கிக் காட்டிடேன். ஐயா பார்க்கட்டும்."

அவர் அவள் வலது கையைப் பார்த்துக்கொண்டேதான் அதைக் கேட்டார். நீதிபதி சரி என்றார். சித்தப்பா ஓடிப்போய் டின்களும் தின்னரும் வாங்கி வந்தார். கோர்ட்டு மேஜைமேல் செய்தித்தாளை விரித்து, அவள் இடது கையால் கலக்கத் தொடங்கினாள். சாம்பல் இத்தனை, நீலம் இத்தனை, மஞ்சள் குச்சி நுனியளவு, சிவப்பு ஒரே சொட்டு. தின்னர் வாடைக்கு ஒரு காவலர் தும்மினார். முக்கால் மணி நேரம் ஆனது. ஒரு வெள்ளை அட்டையில் பூசினாள். மட்கார்டின் பக்கத்தில் பிடித்தார்கள்.

அட்டையில் இருந்தது வெளிறித் தெரிந்தது. பார்த்த யாருக்கும் தெரியும், இரண்டும் வேறு.

வக்கீல் மேலங்கியை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

"ஐயா, காயணும்" என்றாள் அவள்.

"என்னம்மா?"

"ஈரத்துல வெளிறித்தான் இருக்கும். காஞ்சாத்தான் கலரு இறங்கும். பெயிண்டர் யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க ஐயா."

"எவ்வளவு நேரம்?"

"வெயில்ல வெச்சா ஒரு மணி நேரம்."

நீதிபதி கடிகாரத்தைப் பார்த்தார். கெட்டவர் இல்லை. அவருக்கு அன்றைக்கு இன்னும் பதினாறு வழக்கு இருந்தது. 'செய்து காட்டியதில் ஒத்துப்போகவில்லை' என்று சொல்லி எழுதவைத்தார். மட்கார்டை உள்ளே கொண்டுபோனார்கள். முதலாளி எழுந்து சட்டையை நீவிவிட்டுக்கொண்டார்.

நாங்கள் வெளியே வந்து படியில் உட்கார்ந்தோம். அம்மா அட்டையை வெயிலில் வைத்துக் காற்றில் பறக்காமல் நான்கு மூலையிலும் கல் வைத்தாள். எதற்கு இனி? ஒரு மணி நேரம் கழித்து டைலர் அட்டையை எடுத்தார். சைக்கிளிடம் போய் அதன் குறுக்குக் கம்பிமேல் வைத்தார். அட்டை எங்கே முடிகிறது, கம்பி எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை.

அவர் அட்டையோடு உள்ளே ஓடினார். ஐந்து நிமிஷத்தில் திரும்பி வந்தார்.

"அடுத்த கேஸு கூப்பிட்டாச்சாம்" என்றார்.

மேல்கோர்ட்டுக்குப் போகலாம் என்று நான் சொன்னேன். டைலர் தலையாட்டினார். பெயிண்டர் மட்டும், "சித்தப்பா, வாங்கிட்டு வந்த டின்னுங்கள்ல எவ்வளவு மிச்சம் இருக்கு?" என்று கேட்டாள்.

முதலாளி வீடு எங்கள் தெருக் கோடியில். முன்னால் மதில், இரண்டு பேருந்தை வரிசையாக நிறுத்தலாம், அவ்வளவு நீளம். வெள்ளை வெளேரென்று இருக்கும். அன்று சாயங்காலம் நாலு மணிக்கு அவள் இடது கையில் அகலமான பிரஷ்ஷைப் பிடித்து, அந்த மதிலுக்கு அந்தக் கலரை அடிக்கத் தொடங்கினாள்.

வாட்ச்மேன் வந்தார். "என்ன எழுதப் போறே?"

"எதுவும் எழுதல."

"கட்சி விஷயமா?"

"இல்லண்ணே."

"அப்ப படமா?"

"கலரு அடிக்கிறேன். அவ்வளவுதான்."

அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கெட்ட வார்த்தை எழுதினால் அழிக்கச் சொல்லலாம். கலரை என்னவென்று சொல்லித் தடுப்பது? ஆனால் எங்கள் தெருவில் அந்தக் கலரைத் தெரியாதவர் யார்? தினமும் மணியடித்துக்கொண்டு போன கலர். கடைகளிலிருந்து ஒவ்வொருவராக வந்து நின்றார்கள்.

மரவாடியிலிருந்து நாலு பேரை முதலாளி அனுப்பினார். ரீப்பர் கட்டைகளோடு வந்தார்கள். முதல் அடி சித்தப்பாவின் தோளில். அவர் விழுந்து எழுந்து மறுபடி அவள் முன்னால் நின்றார். இரண்டாவது அடி விலாவில். ஒருவன் டின்னைத் தூக்கி அவள் தலையில் கவிழ்த்தான். கண்ணுக்குள் பெயிண்ட். அவள் பாவாடையால் துடைத்துக்கொண்டு, பிரஷ் எங்கே விழுந்ததென்று தெரியாமல், தலையில் வழிந்ததை உள்ளங்கையால் வழித்து மதிலில் பூசினாள். நாங்கள் போய் அவளைத் தூக்கி வந்தோம். மண்ணெண்ணெய் போட்டுக் கழுவியும் முடியிலிருந்து போகவில்லை. அம்மா கத்தரிக்கோல் எடுத்து ஒட்ட வெட்டிவிட்டாள்.

மறுநாள் மதில் வெள்ளையாக இருந்தது. நாலாம் நாள் அவள் மறுபடி அடித்தாள். மறுபடி வெள்ளை. மறுபடி அவள். இரண்டாம் முறையும் அடித்தார்கள், டைலருக்குப் பல் போனது. மூன்றாம் முறை முதலாளி கூப்பிட்டபோது சுமைதூக்கிகள் வரவில்லை. அவர்களில் மூத்தவன் என் கடையில் நின்று சொன்னான்: "எனக்குக் கை வரலக்கா. இந்தக் கையில கட்டுப் போட்டது அந்தம்மா." ஆனால் வெள்ளையடிக்க வெளியூர் ஆட்கள் கிடைத்தார்கள். இப்படி ஆறு முறையோ ஏழு முறையோ. முதலாளி தன் வீட்டு வாசலைத் தாண்டும்போது கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொள்வார்.

கடைசியில் அவர் மேஸ்திரியை வரச்சொன்னார்.

"உன் பொண்ணு பண்ண அசிங்கம். மேல மேல வெள்ளையடிச்சா மழைக்கு உள்ள இருந்து தெரியுது. அடியோட எடுத்துடு. உன்னைவிட மறைக்கத் தெரிஞ்சவன் யாரு? இல்லேன்னா பட்டறையைக் காலி பண்ணு."

மேஸ்திரி காலை ஒன்பது மணிக்கு வந்தார். வாளியில் தண்ணீர், ஒரு கட்டு உப்புத்தாள். ஐந்தாறு மாதத்தில் ஆள் பாதியாக இருந்தார். வேறு எவனாவது வந்திருந்தால் சுரண்டுகிற தகட்டால் சரசரவென்று பெயர்த்துப் போட்டுவிட்டு மத்தியானத்துக்குள் போயிருப்பான். மேஸ்திரிக்கு அது முடியாது. பெயர்த்தால் சுவர் மேடு பள்ளமாகும். முப்பது வருஷத் தொழில் கை, அதற்குச் சம்மதிக்காது. தாளை மடித்து, தண்ணீரில் தோய்த்து, வண்டிக் கதவைத் தேய்ப்பது போலவே வட்டம் வட்டமாகத் தேய்க்கத் தொடங்கினார்.

மேலே இருந்தது அவள் கடைசியாக அடித்த கலர். அது தேய்ந்ததும் வெள்ளை வந்தது. வெள்ளை தேய்ந்ததும் அந்தக் கலர் வந்தது. அதற்குள் வெள்ளை, அதற்குள் மறுபடி அது. நடுவில் ஆழமாகவும் ஓரத்தில் மேலாகவும் தேய்ந்ததால் எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று வளையமாக நின்றது. மரத்தை அறுத்தால் தெரியுமே, அப்படி. ஒன்றை ஒழித்துவிட வேண்டுமென்று அதன் நடுவில் இன்னும் அழுத்தித் தேய்த்தார், இன்னும் இரண்டு வளையம் வந்தது. நகர்ந்து பக்கத்தில் தேய்த்தார். அங்கேயும் வந்தது. பதினொரு மணிக்கு அவர் விரல் தோல் போய், ரத்தம் வெள்ளை வளையத்தில் இழுத்துக்கொண்டு போனது. அவர் நிறுத்தவில்லை. தெரு முழுக்க வேலையை விட்டுவிட்டு வந்து நின்றது. ஒருவரும் சிரிக்கவில்லை, ஒருவரும் வையவில்லை.

பெயிண்டர் டின்னோடு வந்தாள். அவர் தேய்த்த இடத்தில் மறுபடி அடிக்கத்தான் வந்தாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து மதிலைப் பார்த்தாள். டின்னைக் கீழே வைத்தாள். பின்னால் நடந்து, தெருவின் மறுபக்கம் வரை போய், அங்கிருந்து பார்த்தாள். எவ்வளவு நேரம் பார்த்தாள் என்று சொல்லத் தெரியவில்லை.

பிறகு வந்து அவர் பக்கத்தில் நின்றாள்.

"நிறுத்துங்க."

சுத்தியல் விழுந்த அன்றைக்குப் பிறகு அப்பாவிடம் அவள் பேசிய முதல் வார்த்தை. அவர் திரும்பினார். மூச்சு வாங்கியது.

"போக மாட்டேங்குது" என்றார். "எவ்வளவு தேய்ச்சாலும் உள்ள இருந்து வருது."

"இதுக்கு மேல தேய்ச்சா செங்கல் வந்துடும். விடுங்க."

"முதலாளி..."

"அப்படியே இருக்கட்டும்."

அவர் அவள் வலது கையைப் பார்த்தார். மடங்காத இரண்டு விரல்களையும் பார்த்தார். ஏதோ சொல்ல வாய் திறந்தார். நானும் எதிர்பார்த்தேன், பொய் சொல்வானேன்? ஆனால் வந்தது அது இல்லை.

"தண்ணி கலங்கிருச்சு. மாத்திட்டு வரட்டுமா?" என்றார்.

"வேணாம். தாளைக் குடுத்துட்டு நீங்க போங்க."

அவர் கொடுத்தார். கூட்டம் வழிவிட்டது, பட்டறைப் பக்கம் நடந்து போனார். கேட்டைத் திறந்த முதலாளி, மதில் முன்னால் நின்ற தெருவைப் பார்த்துவிட்டு, திரும்பச் சாத்திக்கொண்டார். அவள் தாளைப் புதிதாக மடித்தாள். வாளியில் தோய்த்து உதறினாள். அப்பா விட்ட இடத்துக்கு ஒரு முழம் தள்ளி, இடது கையால், எவ்வளவு அழுத்தினால் எந்த வளையத்தில் நிற்கலாம் என்று பார்த்துப் பார்த்து, மெதுவாகத் தேய்க்கத் தொடங்கினாள்.